ஐந்து சர்க்யூட்... ஒரு கேள்விக்குறி! - கணவர் பாதியில் விட்ட ஆம்ப்ளிஃபயரை முடித்த பிசிக்ஸ் டீச்சர்

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து சர்க்யூட்கள் வரையப்பட்டிருந்தன. எல்லாமே பென்சில். ஸ்கேல் வைக்காமலேயே கோடு நேராக விழுகிற கை அது. ஐந்துக்கும் கீழே ஒரே ஒரு வார்த்தை: 'பயாஸ்?'

எந்த சர்க்யூட்டுக்கும் டிக் போடவில்லை. அதற்குள் அவர் போய்விட்டார்.

திருச்சி உறையூரில் அந்தத் தெருவே அவரை 'ரேடியோ சார்' என்றுதான் கூப்பிட்டது. மனைவி, அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கு அவர் 'பிசிக்ஸ் டீச்சர்'. மாடியறையில் சாரின் மேஜை மீது அலுமினியப் பெட்டி ஒன்று மூன்று வருடங்களாகப் பழைய பெட்ஷீட் போர்த்திக் கிடந்தது. உள்ளே இரண்டு கண்ணாடி வால்வுகள். முக்கால்வாசி முடிந்துபோன ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபயர்.

ஹாம் ரேடியோ பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி உரிமம் பெற்றவர்கள், சொந்த ரேடியோ நிலையம் வைத்து உலகம் முழுவதும் உள்ள மற்ற ஹாம்களுடன் பேசும் பொழுதுபோக்கு இது. பொழுதுபோக்கு என்றாலும், செல்போன் டவர்கள் சாய்ந்துவிட்டால் முதலில் தேடப்படுவது இவர்களைத்தான். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத்தின் குழு, தொலைபேசிகள் செயலிழந்த தீவுகளிலிருந்து மக்களின் தகவல்களை வெளியே கொண்டுவந்தது.

ஹாம்களிடம் தனி அகராதியே உண்டு. ஆண் ஹாம் எந்த வயதுக்காரராக இருந்தாலும் 'ஓஎம்', அதாவது ஓல்டு மேன். பெண் ஹாம் 'ஒய்எல்', யங் லேடி. மனைவிக்கு 'எக்ஸ்ஒய்எல்'. இறந்துபோன ஹாமை 'சைலன்ட் கீ' என்பார்கள். மோர்ஸ் அடிக்கும் சாவி அமைதியாகிவிட்டது என்று அர்த்தம்.

டீச்சர் முப்பது வருடங்கள் எக்ஸ்ஒய்எல்லாக இருந்தார். சார் போன பிறகு, மோர்ஸ் தேர்வும் சேர்த்து எழுதி, தன் பெயரில் உரிமம் வாங்கினார். "அவர் பேசறதைக் கேட்டுக் கேட்டே பாதி மோர்ஸ் வந்துடுச்சு. மீதியைத்தான் படிச்சேன்" என்பார்.

பெட்ஷீட்டை அவர் எடுத்தது, பெங்களூரில் ஐ.டி வேலையில் இருக்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது சொன்ன ஒரு வார்த்தையால்தான்.

"அம்மா, மாடி ரூமைக் காலி பண்ணிடலாமா? வால்வு ரெண்டையும் ஞாபகத்துக்கு வெச்சுக்கோ. மிச்சத்தைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாம்."

"முடிக்கலாம்னு இருக்கேன்டா."

"எதை?"

"அப்பாவோட ஆம்ப்ளிஃபயரை."

மகன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். "அதுல 1,500 வோல்ட் ஓடும்மா. தெரியும்ல?"

சிவந்துபோன வால்வு

மகனின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது இதே மாடியறையில் நடந்தது அது.

அப்போது சாரிடம் இருந்தது 807 வால்வுகளைக் கொண்ட ஆம்ப்ளிஃபயர். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1936-ல் கொண்டுவந்த வால்வு அது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ டிரான்ஸ்மிட்டர்களில் ஏராளமாகப் பயன்பட்டது. போர் முடிந்ததும் உபரியாகி, ஊர் ஊராகப் பழைய சாமான் கடைகளுக்கு வந்தது. சாரும் கல்லூரி நாள்களில் சென்னை மூர் மார்க்கெட்டில்தான் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். 1985-ல் அந்த மார்க்கெட் தீயில் அழியும்வரை, ரேடியோ பைத்தியங்களுக்கு அதுதான் கோயில்.

அன்று இரவு சார் யாருடனோ பேசி முடித்துவிட்டு, மைக்கைக் கீழே வைத்திருக்கிறார். மகன் அவர் மடியில். திடீரென்று வால்வுக்குள் இருந்த கறுப்புத் தகடு மங்கலான சிவப்பாகி, பின் அடுப்புக்கரிபோல ஜொலிக்கத் தொடங்கியது. சார் மகனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு, பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு வால்வுகளும் போய்விட்டன.

காரணம், நகக்கண் அளவு பொருள். பயாஸ் வோல்டேஜைச் சரிசெய்யும் பிரீசெட்டுக்குள் தேய்ந்துபோன ஒரு முனை.

அந்த ராத்திரிக்குப் பிறகு சார் பல வருடங்கள் ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகவில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான், ஒரு நண்பர் கொடுத்த இரண்டு 811ஏ வால்வுகளை வைத்து மறுபடி ஆரம்பித்தார். எல்லாவற்றையும் முடித்தவர், பயாஸிடம் வந்து நின்றுவிட்டார்.

"எனக்குப் புரியற மாதிரி ஒவ்வொண்ணா சொல்லு. புரிஞ்சா ஆன் பண்ணலாம். புரியலைன்னா வித்துடலாம்" என்றான் மகன்.

முப்பது வருட டீச்சருக்கு இதைவிட நல்ல நிபந்தனை கிடைக்காது. ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் வீடியோ காலில் வகுப்பு தொடங்கியது.

அடுப்பை சிம்மில் வைப்பதுபோல...

முதல் வகுப்பு: வால்வு என்றால் என்ன?

சூடான ஃபிலமென்ட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, அதிக வோல்டேஜ் உள்ள பிளேட்டை நோக்கி ஓடும். 1904-ல் ஃபிளெமிங் இப்படி இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் நடுவே கிரிட் என்ற கம்பி வலையை வைத்தார். அந்த வலைக்குக் கொஞ்சம் நெகட்டிவ் வோல்டேஜ் கொடுத்தால் எலெக்ட்ரான் ஓட்டம் குறையும். இன்னும் கொடுத்தால் நின்றே போகும்.

"கேஸ் அடுப்புத் திருகு மாதிரிடா. நாம பேசும்போது குரலுக்கு ஏத்த மாதிரி தீ ஏறி இறங்கணும். ஆனா பேசாத நேரத்துல தீ எவ்வளவு இருக்கணும்? அதைத் தீர்மானிக்கிறதுதான் பயாஸ்."

"அணைச்சுடலாமே?"

"முழுசா அணைச்சா, ஒவ்வொரு வார்த்தைக்கும் புதுசா பத்தணும். மெதுவா பேசற எழுத்தெல்லாம் காணாமப்போகும். குரல் கரகரன்னு உடைஞ்சு, பக்கத்து ஃப்ரீக்வென்சியில பேசறவங்க காதுலயும் தெறிக்கும். ஜாஸ்தியா எரியவிட்டா, பேசாதபோதே வால்வு காயும். ரெண்டுக்கும் நடுவுல சிம்."

811ஏ-க்கு அந்த 'சிம்' எவ்வளவு என்பதை வால்வின் தகவல் தாளே சொல்கிறது. 1,250 வோல்ட்டில் பயாஸே வேண்டாம். 1,500 வோல்ட்டில் மைனஸ் 4.5 வோல்ட் கொடுத்தால், பேசாத நேரத்தில் இரண்டு வால்வுக்குமாகச் சுமார் 30 மில்லியாம்பியர் ஓடும். 1,500-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 45 வாட். ஒரு டேபிள் ஃபேன் இழுக்கிற மின்சாரம், வெறும் வெப்பமாக.

சென்னையில் இருக்கும் மூத்த ஹாம் ஒருவர் போனில் சுலபமான வழி சொன்னார். "1,250 வோல்ட்ல ஓட்டிடுங்க மேடம். பயாஸ் தலைவலியே இல்லை." ஆனால் சார் சுற்றி வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரில் 1,500-க்கு மட்டும்தான் முனை இருந்தது. புதிதாகச் சுற்றுவதென்றால் பென்ஷனில் பாதி போய்விடும்.

தெருவை உயர்த்தினால் வீடு தாழும்

சாரின் ஆம்ப்ளிஃபயரில் கிரிட் நேராக சேஸியுடன், அதாவது அலுமினியப் பெட்டியின் உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. ரேடியோவிலிருந்து வரும் சிக்னல் ஃபிலமென்ட் பக்கம் நுழையும். ஹாம்களிடம் பிரபலமான 'கிரவுண்டட் கிரிட்' முறை இது.

"கிரிட் தரையில இருக்குன்னா, அதுக்கு எப்படிம்மா மைனஸ் வோல்ட் கொடுப்பே?"

"நம்ம தெரு ஞாபகம் இருக்கா? ரோடு மேல ரோடு போட்டு உசத்திட்டாங்க. வீட்டை யாரும் தோண்டலை. ஆனா இப்ப வீடு தாழ்ந்துபோச்சில்ல?"

அதேதான். கிரிட்டைக் கீழே இறக்க வேண்டியதில்லை. ஃபிலமென்ட்டை 4.5 வோல்ட் மேலே தூக்கினால் போதும். ஃபிலமென்ட்டைப் பொறுத்தவரை கிரிட் மைனஸ் 4.5-ல் இருக்கும். இப்படித் தூக்க என்ன பொருளை வைப்பது? சாரின் நான்கு படங்களும் அதற்கான நான்கு பதில்கள். ஐந்தாவது, கிரிட்டைத் தரையிலிருந்து பிரித்துத் தனி நெகட்டிவ் சப்ளை கொடுக்கும் பழைய முறை.

முதல் படம், ரெசிஸ்டர். டீச்சர் கேமரா முன்னால் கரும்பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டார். ஓம் விதி. 30 மில்லியாம்பியரில் 4.5 வோல்ட் வேண்டுமென்றால் 150 ஓம். ஆனால் உரக்கப் பேசும்போது கரன்ட் 300 மில்லியாம்பியரைத் தொடும். அப்போது அதே 150 ஓம் கேட்பது 45 வோல்ட்.

"அதாவது, பேசப் பேசத் தொண்டையை நெரிக்கும்" என்றான் மகன்.

"ரொம்ப சரி. எப்பவும் ஒரே அளவு கரன்ட் ஓடற பாட்டு ஆம்ப்ளிஃபயருக்கு இது நல்ல முறை. ஏறி இறங்கற நமக்கு ஆகாது."

முதல் படம் அடிபட்டது.

"இது கெட்டுப்போனா என்ன ஆகும்?"

இரண்டாவது படம், ஜீனர். பிளஸ் டூ புத்தகம் 'செனார் டையோடு' என்று எழுதுமே, அதுதான். கரன்ட் எவ்வளவு மாறினாலும் தன் வோல்டேஜை விட்டுக்கொடுக்காது. 4.7 வோல்ட் ஜீனர் ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது. மேஜை டிராயரில் ஒரு வாட் ஜீனர்கள் நிறைய இருந்தன. ஆனால் உச்சத்தில் கிரிட் கரன்ட்டும் சேர்ந்து 400 மில்லியாம்பியர் ஓடினால், ஜீனரில் கிட்டத்தட்ட 1.9 வாட் வெப்பம். ஹீட் சிங்க்கில் திருகும் பத்து வாட் ஜீனர் வேண்டும்.

"வாங்கிடலாம். சரி, அது கெட்டுப்போனா என்ன ஆகும்?" என்றான் மகன்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வியை அவர் தயார் செய்திருக்கவில்லை. வேலை செய்யும்போது ஒவ்வொரு சர்க்யூட்டும் எப்படி இருக்கும் என்றுதான் இதுவரை கணக்குப் போட்டிருந்தார். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன், எது உடையும் என்பதிலிருந்து யோசிக்கிறான். அல்லது, ஆறு வயதில் பார்த்த சிவப்புத் தகட்டிலிருந்து.

அடுத்த சனிக்கிழமை பதிலோடு வந்தார். ஜீனர் ஷார்ட் ஆனால் பயாஸ் பூஜ்யம். சும்மா இருக்கும்போதே வால்வு காயும். ஜீனர் விட்டுப்போனால் அது வேறு ஆபத்து. கரன்ட் திரும்பிப் போகும் வழி அறுந்து, ஃபிலமென்ட் பக்கம் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 'இது குறைந்த வோல்டேஜ் பகுதி' என்று நம்பிக் கை வைக்கிற இடத்தில் எதிர்பாராத வோல்டேஜ் உட்கார்ந்திருக்கலாம்.

"அப்போ இது வேண்டாம்."

"அவசரப்படாதே. குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டா வழி அறுந்துபோகாது. ஆனா ஷார்ட்டுக்கு மருந்து இல்லை."

ஐந்தாவது படமான தனி நெகட்டிவ் சப்ளைக்கும் அதே கேள்வி. அதன் ஃபியூஸ் போனால்? பயாஸ் போய்விடும். 1,500 வோல்ட் மட்டும் அப்படியே இருக்கும். அதன் பிரீசெட் முனை தேய்ந்தால்?

இரண்டு பேருமே சற்று நேரம் பேசவில்லை. 807-ஐக் கொன்றது இதுதான்.

நான்காவது படம், டிரான்சிஸ்டர். சின்ன ஜீனரும் பெரிய டிரான்சிஸ்டரும் சேர்ந்து, திருகித் திருகி எந்த வோல்டேஜ் வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். ஐந்தில் மிக அழகான படம் அதுதான். அதற்குத்தான் சார் அதிக நேரம் செலவழித்திருக்க வேண்டும். அழித்து அழித்து அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்திருந்தது. பிரீசெட் முனை விட்டுப்போனால் வால்வு அடங்கிப்போகும்படி அதை வரைய முடியும். சார் அப்படித்தான் மாற்றியிருந்தார். ஆனால் டிரான்சிஸ்டரே ஷார்ட் ஆனால்? மறுபடி பூஜ்யம்.

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தக் கேள்விக்குறி எதற்காக என்று. சாருக்குக் கணக்கு வராமல் இல்லை. மகன் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் ஒவ்வொரு படத்திடமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏழில் ஒருத்தர் லீவு போட்டால்...

மூன்றாவது படம்தான் பார்க்கவே சாதாரணமாக இருந்தது. வரிசையாகச் சில டையோடுகள். அவ்வளவுதான்.

சிலிக்கான் டையோடு ஒன்றில் முன்னோக்குச் சார்பில் கரன்ட் போனால், அதன் இரு முனைகளுக்கிடையே சுமார் 0.7 வோல்ட் நிற்கும். ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதிப்போட்ட விஷயம். ஆறு டையோடு 4.2 வோல்ட். ஏழு 4.9. மூன்று ஆம்பியர் தாங்கும் 1என்5408 டையோடு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

"இது கெட்டுப்போனா?" மகன் கேட்டான். இப்போது அவன் குரலில் ஒரு விளையாட்டு இருந்தது.

"ஒரு டையோடு ஷார்ட் ஆச்சுன்னா, 0.7 வோல்ட்தான் குறையும். கிளாஸ்ல ஏழு டீச்சர் இருக்கும்போது ஒருத்தர் லீவு போட்டா ஸ்கூல் மூடிடுமா? மத்தவங்க பார்த்துப்பாங்க. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மொத்த வரிசையும் அறுந்துடும். அதுக்குக் குறுக்கே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர். அப்போ வால்வு தானா மூச்சை அடக்கிக்கும். சிவக்காது."

மகன் முதல்முறையாகத் தலையசைத்தான்.

அதே கேள்வியை வைத்து இன்னொன்றையும் முடிவு செய்தார்கள். எதிர்முனைக்காரர் பேசுவதைக் கேட்கும் நேரத்தில் வால்வு சிம்மில்கூட எரிய வேண்டியதில்லை. எரிந்தால் 45 வாட் வீண். வால்வின் இரைச்சல் ரிசீவரிலும் கேட்கும். 811ஏ-யின் பெருக்கக் காரணி 160. 1,500-ஐ 160-ஆல் வகுத்தால் 9.4. ஃபிலமென்ட்டை அந்த அளவு தூக்கினாலே வால்வு கிட்டத்தட்ட அணைந்துவிடும். அதற்காக வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பேசும்போது ரிலே அதை ஷார்ட் செய்யும். ரிலே செத்துப்போனால்? ரெசிஸ்டர் வழியிலேயே நிற்கும், வால்வு அணைந்தே கிடக்கும்.

"எது கெட்டாலும் அடங்கிப்போகணும். இதுதானேம்மா உன் ரூல்?"

"உன் ரூல்டா. நீதானே கேட்டே?"

தெரு வோல்டேஜும் எட்டாவது கணக்கும்

டையோடு ஆறா, ஏழா? இந்தச் சின்னக் கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை. வீட்டுப் பிளக் பாயின்ட்டில் இருந்தது.

டீச்சர் ஒரு வாரம் மல்டிமீட்டரும் கையுமாகத் திரிந்தார். தெருவில் எல்லா ஏ.சி-யும் ஓடும் முன்னிரவில் 210 வோல்ட். ஊர் அடங்கிய பின் 245. பிளேட் சப்ளைக்கு ரெகுலேட்டர் கிடையாது. 230-ல் 1,500 வோல்ட் தருவது, 245-ல் சுமார் 1,600-ஐத் தொடும். கூடுதல் 100 வோல்ட்டை அதே 160-ஆல் வகுத்தால் 0.6. ஏறக்குறைய ஒரு டையோடு! 210-ல் வோல்டேஜ் 1,370-க்கு இறங்கும். அப்போது ஒன்றைக் குறைக்க வேண்டும்.

ஆக, ஏழு டையோடு. அதில் ஒன்றையோ இரண்டையோ ஷார்ட் செய்ய ஒரு சுவிட்ச். சுவிட்ச் கெட்டு விட்டுப்போனால் ஏழும் வேலை செய்யும். பயாஸ் கூடுமே தவிரக் குறையாது. அந்த ரூல் இங்கும் பொருந்தியது.

இன்னொரு விஷயத்தையும் கவனித்தார். டையோடு சூடானால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஏழு டையோடும் 30 டிகிரி சூடானால் 0.4 வோல்ட் போய்விடும். அதனால் டையோடு வரிசையை வால்வுக்குப் பக்கத்தில் வைக்காமல், சேஸிக்கு அடியில், ஃபேன் காற்று உள்ளே நுழையும் இடத்தில் வைத்தார்.

கடையில் ஏழு டையோடு கேட்டபோது, பையன் "பத்தா வாங்கிக்கங்க டீச்சர்" என்றான். அவரிடம் படித்தவன். எதற்கென்று சொன்னதும், "வால்வா? இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பத்துக்கும் சேர்த்துக் காசு வாங்க மறுத்தான்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு

மகன் பெங்களூரிலிருந்து நேரில் வந்தான். அது அவனுடைய இரண்டாவது நிபந்தனை: தனியாக இருக்கும்போது பெட்டியைத் திறக்கவே கூடாது. மூன்றாவது நிபந்தனையைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். பிளக்கைப் பிடுங்கு. மீட்டர் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திரு. எர்த் செய்த குச்சியால் கெப்பாசிட்டரைத் தொடு. அதன் பிறகுதான் கை. அந்தக் கையும் ஒரு கைதான். இன்னொன்று முதுகுக்குப் பின்னால்.

கரன்ட்டைப் பார்க்க, திரும்பும் வழியில் ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தார் டீச்சர். அதில் எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லியாம்பியர். மல்டிமீட்டர் அதில் மாட்டப்பட்டிருந்தது.

முதலில் ஃபிலமென்ட் மட்டும். இரண்டு வால்வுகளும் விளக்கேற்றியதுபோலப் பளிச்சென்று எரிந்தன. பிறகு ஹை வோல்டேஜ். மீட்டரில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட், வால்வு அணைந்திருக்கிறது. டீச்சர் மைக் பட்டனை அழுத்தினார். பேசவில்லை. 'டக்' என்று ரிலே விழுந்தது.

28.

மகன் மீட்டரைப் பார்க்கவில்லை. வால்வுக்குள் இருந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தகடு சாம்பல் நிறமாகவே இருந்தது. பிறகு சுவிட்சை மாற்றி, இரண்டு டையோடுகளைக் குறைத்தார்கள், கரன்ட் ஏறியது. மறுபடி ஏழுக்கே கொண்டுவந்தார்கள், 28-க்கு இறங்கியது.

"பேசும்மா" என்றான்.

காலை நேரத்தில் 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், இந்தியா முழுவதிலிருந்தும் ஹாம்கள் கூடுவது வழக்கம். டீச்சர் தன் அழைப்புக்குறியைச் சொன்னார். சென்னைக்காரர்தான் முதலில் வந்தார். "குரல் சுத்தமா இருக்கு மேடம். பக்கத்துல எங்கேயும் தெறிக்கலை. என்ன பயாஸ் போட்டீங்க?"

"டையோடு சார். ஏழு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

உண்மையைச் சொன்னால், இவ்வளவு பாடுபட்டதில் டீச்சரின் குரல் பெரிதாக எங்கும் தூரம் போய்விடவில்லை. அவருடைய ரேடியோ தனியாகவே 100 வாட் தரும். ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்து 300 வாட். மூன்று மடங்கு என்றாலும், கேட்பவரின் மீட்டரில் ஒரு முழு 'எஸ்' புள்ளிகூட ஏறாது. அதற்கு நான்கு மடங்கு வேண்டும். கோடை இடியின் இரைச்சலுக்கு நடுவே, பாதி கேட்ட குரல் முழுசாகக் கேட்கும். அவ்வளவுதான் லாபம். டீச்சருக்கு அது முதல் நாளே தெரியும்.

அன்று மாலை அவர் நோட்டை எடுத்து, மூன்றாவது படத்துக்கு டிக் போட்டார். பக்கத்தில் '7' என்று எழுதித் தேதி போட்டார். மகன் பேனாவை வாங்கி, மற்ற நான்கு படங்களுக்கும் கீழே ஒவ்வொரு வரி எழுதினான். எது கெட்டால் என்ன ஆகும் என்று. கேள்விக்குறியை யாரும் அழிக்கவில்லை.

அவன் பெங்களூர் திரும்பிவிட்டான். தினமும் இரவு பத்து மணிக்கு அவன் போன் வரும். முன்பெல்லாம் 'சாப்பிட்டியாம்மா?' என்று தொடங்குவான். இப்போது கேள்வி மாறிவிட்டது.

"இன்னிக்கு எவ்வளவும்மா?"

"இருபத்தெட்டு."

"சரி. சாப்பிட்டியா?"